ஜானகியின் கட்டைவிரலும் உங்கள் கொய்யாப்பழமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஜாசினிலிருந்து தேவிஸ்ரீ எழுதுவது. தங்களுக்கும், ஞாயிறு மலரில் 'மேனி பொலிய' பகுதி எழுதும் கோமளா அம்மையாருக்கும் வணக்கம். அம்மையார் நலமாகத்தான் இருப்பார். தினமும் எட்டு மணி நேரம் தூங்குவதாக அவரே எழுதியிருக்கிறார்.

என் அம்மா ஜானகி எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உரம் போடுகிறவர். வாளி நிறைய உரம், வெறுங்கை, மரத்துக்கு மரம் நடை. உள்ளங்கை வெடித்து விரல் ரேகையே தேய்ந்துவிட்டது. தோட்டத்து ஆபிஸில் இப்போது பெயர் கூப்பிடுவதில்லை. காலையில் கட்டைவிரலை ஒரு மெஷினில் வைக்க வேண்டும், அது படித்தால்தான் அன்றைய சம்பளம். அம்மாவின் விரலை அது படிக்கவில்லை.

"ஆன்ட்டி, மெஷின்ல நீங்க இல்லையே" என்றிருக்கிறான் ஆள்கணக்கு எழுதும் ஆபிஸ் கிராணி தினேஸ்வரன்.

"உன் எதிர்லதானேப்பா நிக்கிறேன்?"

"நிக்கிறீங்க, ஆனா சிஸ்டத்துல இல்ல லா. இன்னைக்கு நான் கையால எழுதிக்கிறேன். தோலுக்கு வைட்டமின் ஏதாச்சும் சாப்பிடுங்க."

அந்த வாரம் பார்த்துத்தான் உங்கள் கோமளா அம்மையார் சருமத்துக்குக் கொய்யாவில் வைட்டமின் சி, பப்பாளியிலும் கேரட்டிலும் ஏ, பாதாமில் ஈ, கூடவே சால்மன் மீன் என்று எழுதித் தொலைத்தார். அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பாதாமுக்குப் பதில் கச்சான் கடலை, சால்மனுக்குப் பதில் மலிவான கெம்போங் மீன், மூன்று வேளையும் பப்பாளி. "நான் என்ன முயலா, கேரட்ட கடிச்சுக்கிட்டே இருக்க?" என்று அப்பா கத்துகிறார். பப்பாளித் தோலை விரலில் கட்டிக்கொண்டு படுத்ததில் மெத்தை முழுக்க எறும்பு. கடி வாங்கியவரும் அப்பாதான். கட்டுரையின் கடைசியில் 'தேங்காய் எண்ணெயும் தடவலாம்' என்று ஒரு வரி இருந்ததே, அதுதான் குடியைக் கெடுத்தது. அம்மா விரல் நிறைய எண்ணெயோடு போய் அழுத்த, மெஷின் கண்ணாடி வழுவழுவென்று ஆகி, பின்னால் வரிசையில் நின்ற ஒருத்தர் விரலையும் படிக்கவில்லை. அன்று சிஸ்டப்படி தோட்டத்தில் ஓர் ஆள் கூட இல்லை. மேனேஜர் காலுறையோடு ஓடிவந்தாராம்.

நான் ஜாசினில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன் ஐயா. தோல் பளபளக்கும் என்று படம் போட்ட வைட்டமின் டப்பாக்களை அடுக்குவதே நான்தான். சாப்பாடு தோலை வளர்க்கும், நான் மறுக்கவில்லை. வளர்ந்த தோலை மறுநாளே உரம் அரித்துத் தின்கிறதே, அதற்கு எந்தக் காய் சாப்பிடுவது? உலகத்துக்கெல்லாம் கையுறை செய்து அனுப்புகிற நாடு இது. உரம் போடுகிற கைக்கு ஒரு ஜோடி கொடுக்க ஆள் இல்லை, பளபளப்பைப் பற்றி எழுத மட்டும் அரைப்பக்கம் இருக்கிறது! கோபம் வந்து, எண்ணெய்க் கூத்து நடந்த வாரக் கடைசியில் நல்ல தடித்த கையுறை ஒரு ஜோடி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்று காலை அம்மா போன் செய்தார். "படிச்சிருச்சு பாப்பா! மலாய்ல 'தெரிமா காசே'ன்னு எனக்கு நன்றி வேற சொல்லுது!"

ஆகவே, ஜானகியின் விரலைக் காப்பாற்றியது கொய்யா அல்ல, கையுறைதான் என்று அடுத்த ஞாயிறு பெரிய எழுத்தில் போடுங்கள். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

தங்கள் குடும்பத்தார் அனைவரும் வெடிப்பில்லாத கையும் காலுமாக நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
நா. தேவிஸ்ரீ

பி.கு: உறையை ஒட்டும் நேரத்தில் அப்பா போன் செய்தார். கையுறை பிரிக்காமல் சாமிப்படத்துக்குக் கீழே இருக்கிறதாம். "புதுசு, வேலைக்குப் போட்டா பாழாயிரும்" என்றாராம் அம்மா. அப்படியானால் பப்பாளிதானா என்று நான் வெட்கப்படுவதற்குள் அப்பா மீதியையும் சொல்லிவிட்டார். எண்ணெய்க் கூத்துக்குப் பிறகு, விரல் ஆறும்வரை வரவேண்டாம் என்று அம்மாவைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எனக்குச் சொல்லக்கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, இத்தனை நாளும் அம்மா வீட்டில்தான் இருந்திருக்கிறார். உரத்தைத் தொடாத கை தானாக ஆறியிருக்கிறது. இன்று காலை விரலைக் காட்டிப் பார்க்கத்தான் ஆபிஸுக்குப் போனாராம், நாளைக்கு மறுபடி உரம். கையுறையைப் பிரித்து மாட்டிவிட நானே விடியற்காலை பஸ் ஏறுகிறேன். மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். கோமளா அம்மையாரிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்: வைட்டமின் சி கொய்யாவில் இருக்கிறது, சரி, சம்பளத்தோடு லீவு எந்தப் பழத்தில் இருக்கிறது?