உத்தரியமும் ரம்பப்பல் கத்தியும்

தனியாக இருக்கிறவன் கையில் புதுச் சாமான் எதையும் கொடுக்கக் கூடாது. மற்றவர்கள் அதை உபயோகிப்பார்கள். அவன் அதோடு குடித்தனம் நடத்துவான். ஒரு கத்தியோடு வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தியவன் என்கிற முறையில் இதை நான் தைரியமாகச் சொல்லலாம்.

யுத்தம் முடிந்து, சரக்குக் கப்பல்கள் மறுபடி ஒழுங்காக வர ஆரம்பித்திருந்த காலம். துறைமுகத்தில் ஒரு சரக்குக் கொட்டகையில் எனக்கு வேலை. இறங்கி வருகிற மூட்டைகளின் கட்டுக் கயிற்றை அறுத்து, உள்ளே தண்ணீர் பட்டிருக்கிறதா என்று பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் நனைந்ததை ஒரு பக்கமும் அடுக்க வேண்டும். (இதை ‘உத்தியோகம்’ என்று ஊருக்கு எழுதிப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். எழுதுவதற்கு எனக்கு ஊரில் யாரும் இல்லை.) அப்பாவும் அம்மாவும் ஒரே காய்ச்சலில் போய்விட்டார்கள். கூடப்பிறந்தவர்கள் கிடையாது. ராயபுரத்தில் ஒரு வீட்டின் பின்பக்கத்து அறையில் ஒரு பாய், ஒரு தகரப் பெட்டி, சுவரில் மாதா படம். அவ்வளவுதான் நான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லாரும் குடும்பம் குடும்பமாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் செருப்பு மாட்டுகிறேன் என்று வெகுநேரம் குனிந்துகொண்டிருப்பேன், யாராவது கூப்பிட மாட்டார்களா என்று. என் செருப்பில் இருந்ததோ ஒரே ஒரு வார். அதை எவ்வளவு நேரம்தான் மாட்டுவது?

அப்படி இருந்தவனுக்கு அந்தக் கத்தி வந்து சேர்ந்தது. வெளிதேசத்துக் கப்பலின் மாலுமி ஒருவன் என் கையிலிருந்த மலைவாழைப் பழச் சீப்பைப் பார்த்து ஆசைப்பட்டு, கழுத்திலிருந்து அதைக் கழற்றி நீட்டினான். பழத்தை அவன் உரிப்பதற்குள் நான் கத்தியை மாட்டிக்கொண்டுவிட்டேன்.

அலகு என் நடுவிரல் நீளம் இருக்கும். மடக்குகிற கத்தி அல்ல. அலகும் பிடியும் ஒரே இரும்பு, பிடியில் மெழுகு நூல் சுற்றியிருந்தது. வாய் முழுவதும் ரம்பம் மாதிரி பல். கறுப்புத் தோல் உறையின் முனையில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்திருந்ததால் கழுத்தில் தலைகீழாகத் தொங்கும், பிடி தொப்புளைப் பார்த்தபடி. கீழே ஒரு இழுப்பு இழுத்தால் கைக்கு வந்துவிடும். திரும்பச் செருகினால் ‘டக்’ என்று உறை கவ்விக்கொள்ளும். அந்த ‘டக்’கைக் கேட்பதற்காகவே நான் ஒரு நாளைக்கு எத்தனை முறை உருவிச் செருகினேன் என்று சொன்னால் என்னைப் பற்றிய மரியாதை போய்விடும்.

எங்கள் கொட்டகைக்கு எதிரே பளுத்தூக்கி ஓட்டுகிற காதர் பாய்தான் எனக்கு இருந்த ஒரே தோஸ்து. அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னா நைனா, கத்திக்குப் பல்லு மொளச்சிகீது. இன்னும் ரெண்டு மாசத்துல பேசும் பாரு” என்றார்.

அது பேசவில்லை. நான்தான் பேசினேன். கொட்டகையில் கிடைத்த கயிறானாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாங்கியதானாலும் அறைக்குக் கொண்டுவந்து கத்தியைக் கொண்டு அறுத்துப் பார்த்து, அதனிடமே அபிப்பிராயம் சொல்லுவேன். நனைந்த கப்பல் கயிறு: முதல் தரம். மற்றக் கத்திகள் வழுக்குகிற இடத்தில் இது பல்லால் கடித்துக்கொள்ளும். தேங்காய் நார்க் கயிறு: அதுவும் சுகம். கோணிப்பை: அறுக்கும், ஆனால் பிசிறு பிசிறாகக் கிழிக்கும். ரொட்டி: பிரமாதம். எலுமிச்சம்பழம்: சாறு பூராவும் சட்டையில். மீன்: ஐயோ வேண்டாம், மத்தி மீனைப் பார்த்தவர்கள் பூனை கொண்டுவந்ததா என்று கேட்பார்கள். சாணை பிடிக்க வழியே இல்லை. பல்லுக்கு நடுவில் எந்தக் கல்லும் போகாது. இன்னொரு பெரிய குறை, நம் ஊர் வேர்வை. ஒரு கோடை தாண்டியதும் தோல் உறை ஊறித் தொளதொளத்துப் போயிற்று. ‘டக்’ என்ற சத்தம் நின்றுவிட்டது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. கட்டின பெண்டாட்டிக்குக் காது மந்தமாகிவிட்டது என்பதற்காக யாராவது தள்ளி வைப்பார்களா?

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. என் கழுத்தில் ஏற்கெனவே உத்தரியம் இருந்தது. மாதா படம் தைத்த இரண்டு சிறு துணித்துண்டு, நாடாவில் கோத்து மார்பில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாக எங்கள் ஜனங்கள் போட்டுக்கொள்வது. சாகிற வரைக்கும் கழற்றுவதில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். நாளடைவில் உத்தரிய நாடாவும் கத்திக் கயிறும் பின்னிப் பிணைந்து ஒரே வடமாகிவிட்டன. கத்தியைக் கழற்ற வேண்டுமென்றால் உத்தரியமும் கூடவே வரும். கயிற்றை மட்டும் அறுக்கலாம் என்றால் வேர்வையில் இரண்டும் ஒரே நிறம். பல் எதைக் கடிக்கும் என்று சொல்ல முடியாது. ஆகையால் மாதாவோடு சேர்த்து அந்த மாலுமியின் கத்தியையும் நான் சாகும்வரை சுமப்பது என்று முடிவாயிற்று.

இந்த லட்சணத்தில் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது.

எங்கள் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் என் செருப்பு மாட்டுகிற வைபவத்தைப் பல ஞாயிறுகளாகக் கவனித்திருக்கிறார். ஒருநாள் அருகில் வந்து, திருவொற்றியூரில் தீப்பெட்டிக் கம்பெனி மேஸ்திரி சவரிமுத்து என்பவருக்குப் புஷ்பம் என்று ஒரு பெண் இருப்பதாகச் சொன்னார். சவரிமுத்துவுக்கு இருந்த ஒரே தயக்கம், பையனுக்கு முன்னும் பின்னும் யாரும் இல்லையே, யாரை நம்பிப் பெண் கொடுப்பது என்பதுதான். அவர் மனைவி அதற்கு ஒரு வழி சொன்னாளாம். ஒரு சாயங்காலம் வரட்டும், காப்பி குடிக்கட்டும், எங்களோடு உட்கார்ந்து ஜெபமாலை சொல்லட்டும். ஜெபம் சொல்லுகிற விதத்தில் ஆளைத் தெரிந்துகொள்ளலாம் என்றாள். அவர்கள் சரி என்றால் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஜனங்களுக்கு அறிவித்துவிடலாம் என்றார் உபதேசியார். எனக்கு அன்று மூட்டைகளெல்லாம் பஞ்சாகத் தெரிந்தன.

காதர் பாய் மட்டும் முகத்தைச் சுளித்தார்.

“அந்தோணி, கத்திய கயட்டி வெச்சிட்டு போ. பொண்ணு பாக்கப் போறியா, ஆடு அறுக்கப் போறியா?”

உத்தரியத்தின் சங்கடத்தை விளக்கினேன். அவர் நாடாவையும் கயிற்றையும் பார்த்துவிட்டு, இது ஆண்டவனும் சைத்தானும் போட்ட முடிச்சு, மனுஷன் கை வைக்கக் கூடாது என்று ஒதுங்கிக்கொண்டார். பனியனுக்கு உள்ளேதானே இருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்று பனியனை வேட்டிக்குள் இழுத்துச் செருகி, மேலே சலவைச் சட்டை போட்டுப் புறப்பட்டேன்.

சவரிமுத்து வீட்டில் என்னையும் உபதேசியாரையும் பெஞ்சியில் உட்கார வைத்தார்கள். பெண் கதவுக்குப் பின்னால் இருக்கிறாள் என்பது கொலுசுச் சத்தத்தில் தெரிந்தது. பெண்ணின் அம்மா காப்பியைக் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“உத்தரியம் போட்டுக்கினு கீறியா தம்பி?”

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன் மாதிரி நான் காலருக்குள் கைவிட்டு வெடுக்கென்று இழுத்தேன். உத்தரியம் வந்தது. பின்னிக்கொண்டிருந்த உறையும் வந்தது. ஆனால் உறை காலியாக இருந்தது. அதிலிருந்த கத்தி நெஞ்சு வழியாகச் சில்லென்று வழுக்கிக்கொண்டு போய், வேட்டி முடிச்சுக்குப் பக்கத்தில் வயிற்றில் உட்கார்ந்தது.

அந்தம்மாள் பக்தியோடு குனிந்து உத்தரியத்தை உதட்டில் ஒற்றி முத்தி செய்தாள். கூடவே தொங்கிய கறுப்புத் தோல் பையையும் ஏதோ புனிதருடைய அர்ச்சிஷ்ட பண்டம் என்று நினைத்து, நான் வாய் திறப்பதற்குள், அதையும் முத்தி செய்துவிட்டாள். எத்தனையோ கோடைகாலத்து வேர்வையை.

அதற்குள் கோயில் மணி அடித்தது. எல்லாரும் முழங்காலில் நின்றார்கள். நானும் நின்றேன். நின்றதும் கத்தி தன் பற்களை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்த ஆரம்பித்தது. மூச்சை உள்ளே இழுத்தால் அறுக்கவில்லை. வெளியே விட்டால் அறுத்தது. மூச்சை உள்ளேயே வைத்துக்கொண்டு ஜெபம் சொல்ல முடியாது. கண்ணில் நீர் முட்டியது. “பக்தியப் பாரு” என்று அந்தம்மாள் புருஷனிடம் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது.

இரண்டு பத்து மணிகள் முடிந்ததும் சவரிமுத்து என் பக்கம் திரும்பி, “அடுத்த பத்த நீ சொல்லு தம்பி” என்றார்.

இதை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜெபமாலையில் பிரியதத்த மந்திரத்தின் முதல் பாதியை ஒருவர் சொல்லி நிறுத்த வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து பின்பாதியைச் சொல்லுவார்கள். அப்படித்தான் மணி மணியாக நகரும். நான் முதல் பாதியைச் சொன்னேன். நிறுத்தவில்லை. மூச்சு விடாமல் பின்பாதியையும் நானே சொல்லி முடித்து, அடுத்த மணிக்குப் போய்விட்டேன்.

கத்தியின் மேல் பழியைப் போட்டுவிடலாம். ஆனால் காரணம் அது அல்ல. எத்தனையோ வருஷமாக என் அறையில் இரண்டு பாதியையும் நானேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் நிறுத்துகிற இடம் ஒன்று உண்டு என்பதே என் நாக்குக்கு மறந்துபோயிருந்தது. சவரிமுத்து வாயைத் திறந்து மூடினார். உபதேசியார் இருமிப் பார்த்தார். நான் குருட்டு மாடு மாதிரி போய்க்கொண்டே இருந்தேன். நாலைந்து மணி தாண்டியிருக்கும். திடீரென்று கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், நான் நிறுத்த வேண்டிய இடத்தில் சரியாக, என் குரலுக்கு மேலே உரக்கப் பின்பாதியைச் சொல்ல ஆரம்பித்தது. நான் திடுக்கிட்டு நின்றேன். அது நிதானமாகச் சொல்லி முடித்து எனக்காகக் காத்திருந்தது. நான் அடுத்த மணியின் முதல் பாதியைச் சொன்னேன். மறுபடி அந்தக் குரல். அந்தச் சில மணிகளில் வயிற்றில் கத்தி இருப்பது எனக்குத் தெரியவே இல்லை.

ஜெபமாலை முடிவில் வருகிற மாதா பிரார்த்தனையில்தான் தெரிந்தது. ஒவ்வொரு “வேண்டிக்கொள்ளும்” சொல்லும்போதும் ஒரு பல் உள்ளே போயிற்று. எனக்காக அத்தனை உருக்கமாக மாதாவிடம் யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள், நானே வேண்டினேன். கடைசியில் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தேன். வேட்டி முடிச்சு தளர்ந்தது. கத்தி ‘ணங்’ என்று மாதா சுரூபத்துக்கு எதிரே தரையில் விழுந்தது. என் சட்டையில் இலந்தைப்பழம் அளவுக்கு ஒரு சிவப்பு.

அந்தம்மாள் கத்தியைப் பார்த்தாள், என் கழுத்தில் தொங்கிய காலி உறையைப் பார்த்தாள், பிறகு முந்தானையால் உதட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்தாள், துடைத்தாள், நாங்கள் வாசல் தாண்டுகிற வரைக்கும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சவரிமுத்து உபதேசியாரிடம் சொன்னார்: “ஜெபம் சொல்ற வூட்டுக்கே கத்தியோட வர்றவன், கல்யாணத்துக்கு துப்பாக்கியோட வருவான். இட்டுக்கினு போங்க.”

உபதேசியார் விடுவிடுவென்று நடந்து பஸ் ஏறினார். அவர் பக்கத்தில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை. கடலோரமாக நடந்தே வந்தேன். காசிமேட்டில் வலை உலர்த்துகிறவர்கள் வீட்டுக்கு வீடு விளக்கேற்றி, சாப்பிடப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ பெயர்கள். கத்தி அந்த வீட்டுத் தரையிலேயே தங்கிவிட்டதால் கழுத்து லேசாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அறைக்கு வந்து மாதா படத்தின் முன்னால் முழங்காலில் நின்றேன். முதல் பாதியைச் சொன்னேன். என்னை அறியாமல் நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம்தான் கேட்டது. பிறகு பின்பாதியையும் நானே சொன்னேன். அம்மா செத்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

அடுத்த ஞாயிறு செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டே ஓடப் பார்த்தேன். உபதேசியார் பிடித்துக்கொண்டார்.

“அப்பன் வேணவே வேணாங்கறான். ஆத்தா ஒண்ணும் சொல்லல, வாயக் கொப்பளிச்சிக்கினே கீறா” என்றார். என்னால் நிமிரவே முடியவில்லை. “பொண்ணுதான் அடம் புடிக்குது.”

“என்னன்னு?”

“‘அவருக்குப் பின்பாதி சொல்ல ஆள் இல்ல போலக்கீது, நான் சொல்றேன்’னுது.”

கோயில் வாசல் முழுக்க ஜனங்கள். நான் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஏதாவது பதில் சொல்ல வேண்டுமே என்று, மடையன் மாதிரி, “கத்தி?” என்று கேட்டேன்.

“அது வராது. கருவாடு அறுக்க அதுமாதிரி ஒண்ணு கெடையாதுன்னு ஆத்தா எடுத்து வெச்சிக்கினா.”

(கருவாட்டை மட்டும் நான் சோதித்துப் பார்க்கவில்லை. என் மாமியார் அதைக் கடைசிவரை உபயோகித்தாள். ஆனால் என் கழுத்தோடு நின்றுவிட்ட உறையைத் தொடவே மாட்டாள்.)

ஓலை வாசித்துக் கல்யாணம் நடந்தது. காதர் பாய் விருந்துக்கு வந்து, வாழைப்பழம் கொடுத்துக் கத்தி வாங்கி, கத்தி கொடுத்துப் பெண் வாங்கிய கெட்டிக்கார வியாபாரி என்று பந்தியில் எல்லாரிடமும் என்னை அறிமுகம் செய்தார்.

எங்கள் வீட்டில் ஜெபமாலை நேரத்தில் எந்தப் பிள்ளையாவது நெளிந்தால், அவசரப்பட்டால், கொட்டாவி விட்டால், புஷ்பம் கண்ணைத் திறக்காமலே, “இன்னா, வயித்துல கத்தி கீதா?” என்பாள். பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மருமகள்கள் தங்கள் தாய்வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். நீளமாகப் பிரசங்கம் வைத்த ஒரு சின்னச் சாமியார் காதுக்கே அது போய், அவர் என் சட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டு ஆசீர்வாதம் கொடுத்தார்.

போன வருஷம் புஷ்பம் கர்த்தரிடம் போய்விட்டாள். அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம் வீடு நிறைய ஜனம். நான்தான் ஜெபமாலை சொன்னேன். முதல் பாதியைச் சொல்லி, பழக்கத்தில் நிறுத்தினேன். ஐம்பது குரல் பின்பாதியைச் சொன்னது. நான் கேட்ட குரல் அதில் இல்லை. அடுத்த மணிக்கு என்னால் போக முடியவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். பேத்தி ஒருத்தி முழங்காலாலேயே நகர்ந்து வந்து என் காதில் கேட்டாள்:

“தாத்தா, கத்தி குத்துதா?”

“ஆமாம்மா” என்றேன். அந்தத் துக்க வீட்டில் முதலில் சிரித்தது நான்தான்.