பாலில் கை கழுவிய வைரஸ் அண்ணாச்சி

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழைகள் இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேரில் சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரகடத்தில் கார் செய்கிறவர்கள், டயர் செய்கிறவர்கள், போன் செய்கிறவர்கள் எல்லோரும் உண்டு. பால் பாக்கெட்டைக் கிழித்துக் கை கழுவிய ஒரே மனிதர் எங்கள் வைரஸ் அண்ணாச்சிதான்.

ஒரு விதைக் கம்பெனியின் கண்ணாடிக் கொட்டகையில் அவர் விஞ்ஞானி. நான் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறவன். அவர் திருநெல்வேலிக்காரர். காலையில் வாசலில் நின்று, உள்ளே வருகிற எல்லோருடைய கையையும் மோந்து பார்ப்பார்.

“என்னவே முனுசாமி, பீடியா?”

“ஒண்ணே ஒண்ணு சார்.”

“ஒண்ணு போதும்வே! புகையிலையில இருக்க வைரஸ் உம்ம கையில ஏறி என் தக்காளியில எறங்கிரும். ஊத்தும் பாலை!”

பாலில் கழுவினால் அது செடியில் தொற்றாதாம். ஒருநாள் கொட்டகையில் பால் தீர்ந்துவிட்டது. என்னை டீக்கடைக்கு இழுத்துப்போய், அங்கே இருந்த கடைசி அரை லிட்டர் பாக்கெட்டை வாங்கி, அங்கேயே என் கையில் ஊற்றினார்.

“இன்னா அண்ணாச்சி, நான் பாலில்லாம முழிச்சிகினு கீறேன், நீ இவன் கைக்கு அபிஷேகம் பண்ணிகினு கீறே!” என்று கத்தினார் டீக்கடைக்காரர்.

“உம்ம டீயில ஊத்துனா மட்டும் தெரியவா போகுது?” என்றார் அண்ணாச்சி.

இத்தனைக்கும் அவர் பிழைப்பே வைரஸ்தான். செடிக்குக் கெடுதல் செய்யாதபடி பழக்கிய ஒரு வைரஸ். அதை லாரி என்பார். லாரியில் ஏற்றுகிற சரக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு கத்தரிக்கோல். லாரி செடிக்குள் போகும், கத்தரி இறங்கி, குறித்த மரபணுவை மட்டும் வெட்டும். இப்படியே கத்திரி வெயிலிலும் காய்க்கிற தக்காளி கொண்டுவரலாம் என்பார். தொல்லை என்னவென்றால், லாரி ரொம்பச் சின்னது. கத்தரி அதில் ஏறவில்லை.

அந்தக் கவலையில் ஒருநாள், பிதுங்கி வழிந்த ஷேர் ஆட்டோ ஒன்றை நிறுத்தி, “இத்தன பேர எப்படிவே ஏத்துனீரு?” என்று பாடம் கேட்டார். டிரைவர் இவரை அதிகாரி என்று நினைத்து நாலு பேரை இறக்கிவிட்டுப் பறந்தார். அந்த நாலு பேர் வல்லக்கோட்டை கூட்டுரோடு வரை எங்கள் பின்னாலேயே நடந்து, திட்டிக்கொண்டே வந்தார்கள்.

கடைசியில் ஒரு சின்னக் கத்தரி கிடைத்தது. இருபது தக்காளிச் செடிகளில் லாரியை ஏற்றினார். மேலிடத்து ஆட்கள் வந்து பார்க்கும்போது ஒரு செடியிலாவது கத்தரி வெட்டியது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கொட்டகைக்குப் பூட்டு, அவருக்கு ஊர் பஸ்.

“வெட்டினா எப்பிடி சார் தெரியும்?”

“சொன்னா கண்ணு பட்டுரும்வே.” அவ்வளவு படித்தவர், இந்த ஒன்றில் மட்டும் எங்கள் வீட்டுக்காரி மாதிரி.

திங்கட்கிழமை நான் உள்ளே போனால், ஒரு செடியின் கொழுந்து சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. நான் சேரப்பணஞ்சேரியில் தோட்டம் போட்டவன். வெளுத்த செடியைக் கண்டால், பக்கத்துச் செடிக்குப் பரவும்முன் பிடுங்குவதுதான் எனக்குத் தெரியும். அவர் பேர் கெடக்கூடாதே என்று வேரோடு பிடுங்கிச் சிவப்புப் பையில் போட்டேன். சிவப்புப் பை போகிற இடம் பெரிய குக்கர். வைரஸ் வெளியே போகாமல் இருக்கக் குப்பையை எல்லாம் அதில் வேக வைப்போம்.

அண்ணாச்சி வந்தார். செடிகள் இருந்த தட்டைப் பார்த்தார்.

“பத்தொம்பதுதான் இருக்கு. இன்னொரு செடி எங்கவே?”

“வெள்ளையா பூட்ச்சி சார். உங்களுக்குக் கெட்ட பேரு வந்துடுமேன்னு பிடுங்கிட்டேன்.”

“வெள்ளையாவா? வெள்ளையாவாவே! கத்தரி வெட்டிட்டுவே! சோதனைக்குன்னு பச்சைய உண்டாக்குற மரபணுவத்தான் குறிச்சிருந்தேன், அத வெட்டிட்டு!” என் தோளைப் பிடித்துக் குதித்தார். இரண்டு குதி குதித்த பிறகுதான் நின்றார். “என்னது, பிடுங்கிட்டீரா?”

இருவரும் ஓடினோம். குக்கர் மூடியை முறுக்கியாகிவிட்டது. ஆப்பரேட்டர் விரல் சுவிட்சின்மேல். அண்ணாச்சி போட்ட சத்தத்தில் அவர் கையைச் சுட்டுக்கொண்ட மாதிரி எடுத்தார்.

பைகளைக் கொட்டிச் செடியைத் தேடி எடுத்தோம். பாதி வேர் போயிருந்தது. அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாலில் மூன்று முறை கை கழுவினார். புதுத் தொட்டியில் நட்டு, குச்சி கட்டி, பிளாஸ்டிக் கவரால் மூடி, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சட்டைப்பையில் இருந்த பீடிக்கட்டை எடுத்துக் குக்கருக்குள் போட்டுவிட்டு வந்தேன்.

மேலிடத்து ஆட்கள் வந்த அன்று செடி சாய்ந்துகொண்டுதான் நின்றது. ஆனால் நின்றது.

“இத முதல்ல கவனிச்சது யாரு?” என்று கேட்டார்கள்.

“முனுசாமி. நான் பாக்கதுக்கு முந்தியே பாத்து, தனியா எடுத்து வச்சவரு” என்றார் அண்ணாச்சி, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல். எங்கே எடுத்து வைத்தேன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குக் கை தட்டினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொட்டகை பிழைத்தது. பிறகு அவரை வேறு ஊரில் பெரிய கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு விட்ட பீடியை நான் திரும்பத் தொடவில்லை. ஆனாலும் தினமும் பாலில் கை கழுவிவிட்டு, வாசலில் ஒரு நிமிஷம் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். மோந்து பார்க்கத்தான் ஆளில்லை.

எழுதி முடித்தது: ஆடிக் கிருத்திகை, செவ்வாய்க்கிழமை.