பீரோவுக்குள் ராணியம்மா

அந்த எறும்பு சாகக் கூடாது. அது செத்துப்போனால் என் வீட்டுக்காரர் மறுபடியும் அடுப்படிக்கு வந்துவிடுவார்.

இப்படி மொட்டையாகச் சொன்னால் யாருக்கும் புரியாது. முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் சடையப்பன் முப்பத்திரண்டு வருஷம் ஒரு ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். போன சித்திரையில் ரிட்டையர் ஆனார். மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், வேனில் ஏற்றிவந்து கடலூரில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு என் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பசை டப்பா, மறு கையில் வெள்ளைச் சீட்டு.

ஒரே வாரத்தில் எல்லா டப்பாவுக்கும் பெயர் ஒட்டினார். "கடுகு" என்று ஒட்டினால் போதாதா? "கடுகு, சிறியது, கறுப்பு" என்று ஒட்டினார். உப்பு ஈரம் இழுக்கும் சரக்காம். அதனால் எனக்கு எட்டாத மேல் தட்டுக்குப் போனது. எண்ணெய் தீப்பிடிக்கும் சரக்காம். அதனால் அடுப்பைவிட்டுக் கூடத்துக்குப் போனது. தோசைக்கு எண்ணெய் விட நான் கூடம்வரை நடந்துவிட்டு வருவதற்குள் தோசை அப்பளமாகியிருக்கும். மூலையில் மணல் தட்டின்மேல் இருந்த தண்ணீர்ப் பானைக்குக்கூடச் சீட்டு. "தண்ணீர்" என்று.

"பழைய பருப்பு இருக்கச்சொல்ல புதுப் பருப்ப ஏன் எடுத்தே?"

"ரெண்டும் பருப்புதானேங்க."

"முதல்ல வந்தது முதல்ல போவணும், மணி. அதான் ஸ்டோரு."

"இந்த வூட்டுக்கு முதல்ல வந்தவ நான்தான். நான் போயிடட்டுமா?"

அவர் அடுத்த டப்பாவுக்குச் சீட்டு ஒட்டப் போய்விட்டார். எனக்குப் பிரஷர் வந்தது. டாக்டர் கவலையைக் குறைக்கச் சொன்னார். கவலையைக் குறைக்க வேண்டுமே என்று அன்றிலிருந்து ஒரு கவலை ஜாஸ்தியானது.

எங்கள் மகள் அனுப்பிரியா சிதம்பரத்தில் விவசாயம் படிக்கிறாள். பூச்சி, புழு என்றால் அவளுக்கு உயிர். அவளுக்குப் போன் போட்டேன்.

"பாப்பா, உங்கப்பாவுக்கு ஏதாச்சும் ஒரு வேல குடுடி. அடுப்படிய உட்டு வெளிய போற மாதிரி."

"எப்பிடிப்பட்ட வேலம்மா?"

"எப்பிடிப்பட்டதா இருந்தா என்னா. ரொம்ப நாளு இழுக்கணும். அவருதான் செய்யணும். நான் தொடவே கூடாது."

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முறுக்கு கொடுக்கச் சிதம்பரம் போனார். அன்றைக்கு நல்ல மழை. மழை விட்டதும் ஹாஸ்டல் வாசலில் றெக்கை முளைத்த பெரிய கட்டெறும்பு ஒன்று வந்து விழுந்ததாம். றெக்கையை உதிர்த்துவிட்டு ஓடியதாம். பாப்பா அதைப் பிடித்து ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டு அப்பா கையில் கொடுத்துவிட்டாள். குழாயின் அடியில் தண்ணீர், அதற்கு மேல் பஞ்சு, நடுவில் எறும்பு, வாயில் இன்னொரு பஞ்சு.

பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் கடலூர்வரை நின்றுகொண்டே வந்திருக்கிறார். உட்கார்ந்தால் குலுங்குமாம்.

"இது ராணி எறும்பு, மணி. வயிறு பூரா முட்ட. இனிமே இதுதான் என் வேல."

எனக்குச் சாமி கும்பிட வேண்டும்போல இருந்தது. ஆனால் வாய் சும்மா இருக்குமா.

"என்னா சாப்புடும்?"

"ஒண்ணும் சாப்புடாது."

"எத்தினி நாளைக்கி?"

"குஞ்சு வர்றவரைக்கும். நாப்பது நாளு. தன்னோட றெக்கச் சதையையே கரைச்சுக்கிட்டு உயிரோட இருக்கும். தொறக்கக் கூடாது, ஆட்டக் கூடாது, வெளிச்சம் படக் கூடாது. பயந்துச்சுன்னா தன் முட்டையத் தானே தின்னுடும்."

பீரோவில் கீழ்த் தட்டு, அவருடைய பழைய வேட்டிகளுக்கு நடுவில் ராணியம்மாவுக்கு இடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் டார்ச் லைட்டில் சிவப்புக் காகிதம் சுற்றி ஐந்து நிமிஷம் பார்ப்பார். சிவப்பு வெளிச்சம் எறும்புக்குத் தெரியாதாம். மற்ற நாளெல்லாம் பீரோவுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனில் எறும்பு வளர்ப்பதைப் பற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பத்து நாள். பத்தே நாள் நான் நிம்மதியாக இருந்தேன். எண்ணெய் அடுப்பங்கரைக்குத் திரும்பி வந்தது. உப்பு கீழே இறங்கியது. சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தண்ணீர் தொட்டு உரித்தேன்.

ஆனால் சோற்றில் கை வைத்தால் பீரோ ஞாபகம் வந்துவிடும். நான் எட்டாவதோடு நின்றவள். றெக்கைச் சதை எல்லாம் எனக்குத் தெரியாது. வயிற்றில் பிள்ளையை வைத்திருப்பவளைப் பட்டினி போடக் கூடாது என்பது தெரியும். அதே வீட்டில் நான் மட்டும் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அது செத்தால் பாவம் யாருக்கு? பாவத்தை விடுங்கள், அது செத்தால் நாளைக்கே என் உப்பு மேலே போய்விடுமே.

பதினோராம் நாள், வியாழக்கிழமை காலை அவர் சில்வர் பீச்சுக்கு நடக்கப் போயிருந்தார். பீரோவைத் திறந்து குழாயை அடுப்படிக்குக் கொண்டுவந்தேன். வாய்ப்பஞ்சை எடுத்து, தீக்குச்சி முனையில் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நீட்டினேன்.

"மணி, கேஸ்காரன் வந்துருக்கான்" என்று பக்கத்து வீட்டு இருசம்மாள் அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தார்.

திரும்பினேன். "வரேன்க்கா" என்றேன். மறுபடி குழாயைப் பார்த்தால் தண்ணீரும் பஞ்சும்தான் இருந்தன.

அடுப்பைத் தூக்கிப் பார்த்தேன். சிலிண்டரை உருட்டிப் பார்த்தேன். எல்லா டப்பாவையும் இறக்கினேன். தண்ணீர்ப் பானையை மட்டும் அசைக்கவில்லை. நிறைய தண்ணீர் இருந்தது, என் இடுப்பு தாங்காது. மணி ஏழு. ஏழரைக்கு அவர் வந்துவிடுவார். குழாயை எடுத்துக்கொண்டு தோட்டத்து முருங்கை மரத்துக்கு ஓடினேன்.

"என்னா மணி, மரத்தோட பேசிக்கிட்டு இருக்கே?" என்றார் இருசம்மாள் அக்கா.

"கட்டெறும்பு புடிக்கிறேன்க்கா. பெருசா ஒண்ணு வேணும். பாக்க ராணி மாதிரி."

"ராணி மாதிரின்னா?"

"கொஞ்சம் தடிமனா. யாரையும் சட்ட பண்ணாம."

"அப்பிடின்னா என் நாத்தனாரத்தான் கூப்புடணும்" என்றவர், முருங்கை மரத்தில் போய்க்கொண்டிருந்த பெரிய தலைக் கட்டெறும்பு ஒன்றைக் காட்டினார்.

இரண்டு கடி வாங்கித்தான் அதை உள்ளே தள்ளினேன்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பீரோவுக்கு முன்னால் குப்புறப் படுத்து, சிவப்பு வெளிச்சத்தில் பார்த்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எளைச்சுட்டா, மணி."

"பட்டினி போட்டா எளைக்காம?"

"அதுவும் சரிதான்." எழுந்து உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது. "முட்டையும் இன்னும் காணோம். இது ஆவாது போல. அடுத்த ஞாயிறு பாப்பேன். இல்லன்னா கொண்டுபோய் உட்டுட்டு அடுப்படியக் கவனிக்கப் போறேன். டப்பாவுல சீட்டெல்லாம் உரிஞ்சு கெடக்குது."

அந்த வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. முட்டைக்கு எங்கே போவேன்? சனிக்கிழமை உப்புமா கிண்ட ரவையை முறத்தில் கொட்டினேன். வெள்ளை வெளேரென்று, பொடிப்பொடியாக. சிரித்துவிட்டேன். உடனே பயமும் வந்தது. ஒன்பது ரவையை எண்ணி ஈரப் பஞ்சின் ஓரத்தில் வைத்தேன்.

மறுநாள் பீரோவுக்குள்ளிருந்து தழுதழுத்த குரல் கேட்டது.

"ஒம்போது முட்ட, மணி."

கடைத்தெருவுக்குப் போய் அரை கிலோ ஜாங்கிரி வாங்கி வந்தார். கூட நடக்கும் தேவநாதன் வீடுவரை கொண்டுபோய்க் கொடுத்தார். நானும் ஒன்று தின்றேன்.

முட்டை வைத்தால் போதுமா, வளர வேண்டாமா? அடுத்த வாரம் ரவையை எடுத்துவிட்டு ஒன்பது அரிசிக் குருணை வைத்தேன். "புழுவாயிடுச்சு" என்றார். முப்பத்திரண்டு வருஷம் சரக்குப் பார்த்த கண். அதற்கடுத்த ஞாயிறு எண்ணினார், ஏழுதான் இருந்தது. முருங்கை மரத்துக்காரி இரண்டைத் தின்றுவிட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"யாரோ ஆட்டியிருக்காங்க. நீ மிக்ஸி போட்டியா?"

"சட்னிக்குப் போட்டேங்க."

"அதான். அந்த அதிர்ச்சியில தின்னுட்டா. இனிமே இந்த வூட்டுல மிக்ஸி ஓடக் கூடாது."

அன்றிலிருந்து தேங்காயும் மிளகாயும் ஜாரில் போட்டுக்கொண்டு இருசம்மாள் அக்கா வீட்டுக்குத் தினமும் நடந்தேன். போகட்டும். சட்னி அடுத்த வீட்டில் அரைத்தாலும் அடுப்படி என்னுடையதாக இருந்தது.

ஆறாவது ஞாயிறு குருணைக்குப் பதில் சீரகச் சம்பா. முழு அரிசி, ஏழு. "கூடு கட்டிடுச்சு" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் அரிசியைவிடப் பெரிதாக வைக்க என்னிடம் என்ன இருக்கிறது? இனி குஞ்சுதான் வர வேண்டும். அரிசியிலிருந்து எறும்பை எப்படி வரவழைப்பேன்?

"நாப்பது நாளு தாண்டிடுச்சு, இன்னும் ஒண்ணும் வரல. வர்ற ஞாயித்துக்கெழமை பாப்பாவ வரச் சொல்லியிருக்கேன். அவ பாத்துச் சொல்லட்டும்."

அந்த ஏழு நாளில் என் பிரஷர் எதுவரை ஏறியது என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. விஷயத்தைப் பாப்பாவிடம் சொல்லலாம் என்றால் வீட்டில் இருந்த ஒரே போனை அவர் கையைவிட்டு இறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பையை வைத்தாள். பீரோவுக்கு முன்னால் குப்புறப் படுத்தாள். டார்ச்சை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். நான் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா, தாகமா இருக்கு. பானத் தண்ணி ஒரு சொம்பு கொண்டாங்களேன்."

அவர் போனதும் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அம்மா, இது சீரகச் சம்பாவா?"

"ஆமாண்டி."

"ராணி?"

"அது பதினோராம் நாளே போயிடுச்சு. இது முருங்க மரத்தது. மூணு செத்து, இது நாலாவது ஆளு. ஒங்கப்பாகிட்ட சொல்லிடாத, ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

அவள் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

அப்போது அடுப்படியிலிருந்து அவர் குரல் வந்தது. கிசுகிசுப்பாக.

"ரெண்டு பேரும் வாங்க. ஆடாம அசையாம வாங்க."

பானை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அடியில் ஈர மணலில் ஒரு குழி. குழிக்குள் ராணியம்மா. என் ராணியம்மாதான், அந்தத் தடிமனும் அலட்சியமும் எனக்குத் தெரியாதா. அவளைச் சுற்றி அவள் பெற்ற பொடி எறும்புகள் ஆறேழு. ஒன்று ஒரு சர்க்கரைத் துகளை இழுத்துக்கொண்டிருந்தது. யாரும் சோறு போடாமல், யாரும் எட்டிப் பார்க்காமல் நன்றாகவே இருந்திருக்கிறாள்.

"பாப்பா, இவ எப்பிடி இங்க வந்தா?"

"குழாயில தண்ணி தீந்துருக்கும்ப்பா. ஈரத்தத் தேடி வூடு மாத்திக்கிச்சு" என்றாள் பாப்பா. கொஞ்சமும் தடுமாறவில்லை. என் மகள்.

"அப்ப பீரோவுல இருக்கறது யாரு?"

"அது... அது காவலுக்குப்பா."

அவர் யோசித்தார்.

"சரிதான்" என்று தலையை ஆட்டினார். "பழைய ஸ்டோர ஒரேயடியா உட்டுட்டு வர முடியுமா? ஒரு ஆளப் போட்டுட்டுத்தான் வருவாங்க. பாத்தியா மணி, எறும்புக்கு இருக்கற அறிவ."

"பாத்தேங்க" என்றேன். ஐந்து வாரத்துக்குப் பிறகு என் நெஞ்சு இறங்கியது. தப்பித்துவிட்டேன். அவருக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியப்போவதில்லை.

பானையைப் பூப்போலப் பழையபடி நிமிர்த்தி வைத்தார். கூடத்துக்குப் போனார். நாற்காலியைத் தூக்கிவந்து என் அடுப்புக்கும் பானைக்கும் நடுவில் போட்டார். சட்டைப்பையிலிருந்து பசை டப்பாவையும் சீட்டையும் எடுத்தார். "அசைக்காதே" என்று எழுதிப் பானையில் ஒட்டினார். பிறகு நிதானமாகச் சுற்றிலும் பார்த்தார்.

"உப்பு ஏன் கீழ இருக்கு, மணி?"

சாயங்காலம் பாப்பாவைச் சிதம்பரம் பஸ் ஏற்றப் போனபோது மெல்லக் கேட்டேன்.

"அந்த ராணி இன்னும் எத்தினி நாளைக்கிடி இருக்கும்?"

"பயப்படாதம்மா, அதுக்கு ஒண்ணும் ஆவாது. நல்லாப் பாத்துக்கிட்டா பத்து வருஷம்கூட இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறிவிட்டாள்.