மச்சினனும் நானூறு அர்த்தமும்

என் அறையை எவனுக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். மனைவியின் தம்பி ஒரு வாரம் தங்க வருகிறானாம். "உங்க ரூம்ல அவன் இருக்கட்டும். நீங்க ஹால்ல படுத்துக்கோங்க" என்றவள், பாயைக்கூட விரித்துவைத்துவிட்டாள்.

நான் அசரவில்லை. என்னிடம் ஆயுதம் இருக்கிறது. அகராதி அச்சாகும் இடத்தில் காலமெல்லாம் பிழை திருத்தியவன் நான். ஒரு ஆங்கில வார்த்தையைப் பிடித்தால் அதன் பாட்டன், பூட்டன் வரை போய்த்தான் விடுவேன். போன வருஷம் இன்சூரன்ஸ் விற்க வந்தவர், நான் 'டேபிள்' என்ற வார்த்தையின் பூர்வீகத்தைச் சொல்லி முடிப்பதற்குள் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். இன்றைக்கும் நான் போட்டுக்கொண்டிருப்பது அந்தச் செருப்புதான்.

மனைவிக்கும் இது தெரியும். "அவன் வந்ததும் உங்க வார்த்தையை ஆரம்பிச்சுடாதீங்க. பாவம், நொந்துபோய் வர்றான்" என்று கெஞ்சினாள். வாயே திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். மனசுக்குள் கத்தியைத் தீட்டிக்கொண்டேன்.

மச்சினன் வந்தான். கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம். கக்கத்தில் சொந்தத் தலையணை. சாப்பிட்டுக் கழுவிய கை காய்வதற்குள் அவனை என் கட்டிலில் உட்காரவைத்து, இருப்பதிலேயே கனமான வார்த்தையை எடுத்தேன். செட்.

வைப்பது, உட்காரவைப்பது என்ற பழைய ஆங்கிலத்தில் தொடங்கினேன். சூரியன் இறங்கினாலும் செட், சிமென்ட் இறுகினாலும் செட், ஒடிந்த எலும்பைக் கூட்டினாலும் செட் என்று அடுக்கினேன். "ஆனா டீ செட், பல் செட்டுன்னு சொல்றோமே, அது வேற வம்சம் மாப்பிள்ளை" என்று லத்தீனுக்கு இழுத்துப்போனேன். ஒருவர் பின்னால் போகும் கூட்டத்துக்கு அங்கே ஒரு சொல் உண்டு. அதுதான் பிரெஞ்சு வழியாக நடந்து வந்து இந்தக் குடும்பத்தில் சம்பந்தம் பண்ணிக்கொண்டது.

பிரெஞ்சு எல்லையில் ஒரு சத்தம் கேட்டது. குறட்டை.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மோட்டாரை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார். பொழுது சாய்ந்த பிறகுதான் மச்சினன் எழுந்தான். இப்போதாவது பெட்டியைத் தூக்குவான் என்று பார்த்தால், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அத்தான், மூணு மாசமா பொட்டுத் தூக்கமில்லை. மாத்திரைக்கும் அசையலை. அக்காதான் போன்ல சொன்னா, வீட்லயே மருந்து இருக்கு, தலையணையோட வாடான்னு."

மெதுவாக மனைவியைப் பார்த்தேன்.

"ஆரம்பிக்காதீங்கன்னு நீதானே சொன்னே?"

"ஆரம்பிங்கன்னு சொல்லியிருந்தா ஆரம்பிச்சிருப்பீங்களா?" என்றாள். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்: "ஏங்க, அந்த செட்டுக்கு மொத்தம் எத்தனை அர்த்தம்?"

அறிவைக் கேட்டால் எனக்குப் பெருமை தாங்காது. "நானூறுக்கும் மேல" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"தினம் ஒண்ணு சொன்னா போதும்" என்றபடி, என் தலையணையை எடுத்து ஹாலில் போட்டாள்.