நான் விட்டுக்கொடுத்த பெரியவர்

பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணைப் பெற்றவர்கள் எதையெதையோ விட்டுக்கொடுப்பார்கள். சிலர் பிடிவாதத்தை, சிலர் ரோசத்தை. நான் விட்டுக்கொடுத்தது உலகத்துக்கே பொதுவான ஒரு பெரிய மனிதரை. அதுவும் யாரும் கேட்காமலே.

நான் மூன்றாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஆனால் நாமக்கல் பக்கம் எங்கள் கோழிப்பண்ணையில் நான் சொன்னதுதான் சட்டம். கோழி தலையைச் சாய்க்கிற விதத்தைப் பார்த்தே காய்ச்சலா, வெயிலா என்று சொல்லிவிடுவேன். (ஊசி போட வரும் டாக்டரே என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பையைத் திறப்பார்.) அதனால் எந்தச் சபையையும் பேசிச் சமாளித்துவிடலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு.

என் ஒரே மகள் பூங்கொடி எனக்கு நாற்பதை ஒட்டிப் பிறந்தவள். அப்போது பெங்களூரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். செயற்கைக்கோளுக்குள் இருக்கும் கடிகாரம்தான் அவள் வேலை.

"கடியாரத்துல ஆராய என்ன கண்ணு இருக்குது?" என்று ஒருநாள் கேட்டேன். அவள் கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் காட்டினாள்.

"வட்டமாச் சுத்த வேண்டிய ரெண்டு செயற்கைக்கோள் வழி தவறி இந்த முட்டை மாதிரிப் பாதையில போயிருச்சும்மா. பூமிக்குக் கிட்ட வர்றப்ப இழுப்பு சாஸ்தி, கடியாரம் மெதுவா ஓடும். எட்டப் போனா வேகமா ஓடும். ரொம்ப ரொம்பக் கொஞ்சந்தான். எவ்வளவு மாறும்னு சார்பியல்ல அந்தப் பெரியவரு எப்பவோ கணக்குப் போட்டு வெச்சுட்டாரு. அளந்து பாத்தா அதே கணக்கு."

பெரியவர் என்றது அவள் அறைச் சுவரில் தொங்கிய படத்தில் இருந்தவரை. பறந்த தலைமுடி, தடித்த மீசை, போதாததற்கு நாக்கை வேறு நீட்டிக்கொண்டிருப்பார். வழி தவறிப் போனதும் ஒரு காரியத்துக்கு ஆயிற்றே என்று அன்றைக்கு எனக்குச் சந்தோசம். பண்ணையில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன்.

மகளுக்கு இருபத்தொன்பது முடியப் போனது. அதற்குள் மூன்று வரன் வந்து திரும்பியிருந்தது. மூன்றுக்கும் ஒரே காரணம்தான்: பெண் எதிர்த்துப் பேசுகிறது. நாலாவதாக வாழப்பாடியிலிருந்து ஒரு வரன். பையனும் சென்னையில் வானத்தைத்தான் ஆராய்கிறான். அவன் விவரத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "வரட்டும்மா" என்றாள். இதுவரை எந்த வரனுக்கும் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. இது தவறிவிடக் கூடாதே என்று எனக்குத் தூக்கம் போய்விட்டது. முந்தின நாளே சொல்லி வைத்தேன்.

"சாமி, நாளைக்கு ஒருநாள் மட்டும் அவங்க என்ன சொன்னாலும் ஆமாங்கன்னு சொல்லு."

"தப்பாச் சொன்னா?"

"தப்பாச் சொன்னா ரெண்டு தடவ ஆமாங்கன்னு சொல்லு."

மறுநாள் காலையில் பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் கொடுத்தேன். "தனியாக் கொஞ்சம் பேசட்டுமே" என்று அந்த அம்மாவே சொல்ல, பையனும் மகளும் அவள் அறைக்குள் போனார்கள். கதவு திறந்துதான் இருந்தது. கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு என் மகளின் குரல், பண்ணைக் கடைசி வரைக்கும் கேட்கிற மாதிரி.

"அப்ப அந்தக் கடியாரம் பொய் சொல்லுதுங்கறீங்களா?"

"கடிகாரம் சரிங்க. அது பூமி பக்கத்துல. நட்சத்திரக் கூட்டத்தோட ஓரத்துக்குப் போனா, ஈர்ப்பு விதியையே மாத்தணும்ங்கறேன்."

"எதுக்குங்க மாத்தணும்? அங்க நம்ம கண்ணுக்குத் தெரியாத பொருள் இருக்குது. அது இழுக்குது."

"அதை யாரு பார்த்தா? நீங்க பார்த்தீங்களா?"

"உங்க புது விதிய மட்டும் யாரு பாத்தா?"

பையனின் அம்மா கையிலிருந்த கச்சாயம் பாதி வழியில் நின்றது. எங்கள் வீட்டுக்காரர் மின்விசிறியை முதல்முறை பார்ப்பவர்போல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவதும் போச்சு. (அந்த நிமிடத்தில் என் மகளையும் வானத்தையும் சேர்த்துத் திட்டினேன்.)

காப்பித் தட்டோடு உள்ளே போனேன். இருவரும் நின்றுகொண்டே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, நீங்க சொல்றதேதானுங்க சரி. அந்தப் பெரியவரு கணக்கு தப்புத்தானுங்க. எங்க ஊட்டுல யாருக்கும் அவரு மேல பிடிவாதம் கெடையாதுங்க."

சொன்னதோடு விட்டேனா? தட்டை மேசையில் வைத்துவிட்டு, படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

பையன் பதறிப்போனான். "அம்மா, அவரு தப்புன்னு நான் சொல்லவே இல்லையே. ஓரத்துல மட்டும் கொஞ்சம் மாத்தணும்னுதான்..."

"ஓரந்தானுங்களே? தாராளமா மாத்திக்கங்க. நாங்க வரப்புத் தகராறு பண்றவங்க இல்லீங்க."

மகள் என்னையே பார்த்தாள். "நாலு வருச வேலைய ஒரு டம்ளர் காப்பியோட சேத்துக் குடுத்துட்டியேம்மா" என்றாள்.

நான் படத்தோடு கூடத்துக்கு வந்தேன். பையனின் அம்மா, நாக்கை நீட்டிக்கொண்டிருந்தவரை உற்றுப் பார்த்தார்.

"பொண்ணோட தாத்தாங்களா?"

"இல்லீங்க. கணக்குப் போட்டவருங்க" என்றேன். எந்தச் சபையையும் சமாளிக்கிறவள், அந்தச் சபையில் படத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அப்போதுதான் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலில் அவன். பிறகு அவள். அவள் அப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து நான் கேட்டு வருடக்கணக்காகியிருந்தது. பையனின் அம்மா கச்சாயத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"எங்க வீட்டுல இவன் பேச்சு யாருக்கும் புரியாதுங்க. சாப்பிடறப்பகூட ஒத்தையாத்தான் இருப்பான். இன்னிக்குத்தான் அவனுக்குச் சண்டை போட ஒரு ஆள் கிடைச்சிருக்கு."

மகள் வாசற்படிக்கு வந்து தலையை நீட்டினாள். "அம்மா, அவங்களைச் சாப்பிட்டுப் போகச் சொல்லு. எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் வேணும். இவரு சொல்றதுல இன்னும் மூணு தப்பு பாக்கியிருக்குது."

அன்றைக்கு நான் விட்ட பெருமூச்சில் கோழிகள்கூடத் திரும்பிப் பார்த்திருக்கும். கல்யாணத்துக்குத் தேதி குறித்துக்கொண்டுதான் அவர்கள் கிளம்பினார்கள்.

கல்யாணமாகி நாலு வருடமாகிறது. நட்சத்திரக் கூட்டத்தின் ஓரத்தில் எதை மாற்றுவது என்று அவர்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. முடிந்துவிட்டால் வேறு எதைப் பேசுவார்கள் என்று எனக்கும் கவலைதான். பெரியவர் இப்போது சென்னையில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறார். நான் பையோடு வாசலில் நின்றால் போதும், மருமகன் உள்ளே குரல் கொடுப்பான்:

"பூங்கொடி, அத்தை வந்துட்டாங்க. பெரியவரை எடுத்து உள்ள வை, யாருக்காவது குடுத்துருவாங்க."

அவளும் மெனக்கெட்டுக் கழற்றி உள்ளே வைப்பாள். நான் போய் எடுத்து வந்து, முந்தானையால் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டுத்தான் காப்பி குடிப்பேன்.