பூட்டு சாரும் பஜ்ஜித் தாளும்

கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் பூட்டு சார் மாதிரி வாய் இறுகிய மனுஷன் கிடையாது. டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னால்கூட "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் நீட்டுவார்.

சுனாமிக்கு அடுத்த வருஷம், சிதம்பரம் கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் ஒரு டிரஸ்ட் இலவச சட்ட ஆலோசனை மையம் திறந்தது. மாடியில் ரெண்டு ரூம். செவ்வாயும் வெள்ளியும் ஒரு வக்கீலம்மா வருவார். மற்ற நாளெல்லாம் பூட்டு சார்தான். வருகிறவர்களின் பேர், ஊர், குறை எல்லாம் எழுதி வைக்கிற கிளார்க். நான் பெருக்குவேன். தண்ணீர் பிடிப்பேன். டீ வாங்கி வருவேன்.

விலாசம் எழுதிய சீட்டெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும். டின்னுக்குப் பூட்டு. சாவி அவர் அரைஞாண் கயிற்றில். சாவி எடுக்க வேண்டுமானால் சுவர்ப் பக்கம் திரும்பி சட்டையைத் தூக்குவார். புதிதாக வந்த பொம்பளைகள் பயந்து படி இறங்கிவிடுவார்கள். "பயப்படாதீங்க, சாவிதான் எடுக்கறாரு" என்று பின்னால் ஓடிப்போய்ச் சொல்வதும் என் வேலை.

யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். ஹாலில் உட்கார்ந்திருக்கும் அடுத்த ஆளுக்கு யார், எந்த ஊர் என்று தெரிந்துவிடுமாம். ஆளுக்கு ஒரு காய்கறிப் பேர் வைத்தார்.

"கத்திரிக்கா! கத்திரிக்கா யாரு? உள்ள வாங்க."

துண்டு போட்ட ஒரு பெரியவர் எழுந்தார். "யோவ், எட்டு காணி வச்சிருக்கேன். என்னைப் போயி கத்திரிக்காங்கற?"

"மெதுவா மாமா. காணிக் கணக்க ஹால்ல சொல்லாதீங்க."

போன் வந்தால் எடுத்ததும் "ராங் நம்பர்" என்பார். காய் பேரைச் சொன்னால்தான் பேச்சு. கடலூர் ஹெட் ஆபீஸ் அதிகாரி மூன்று தடவை கூப்பிட்டு மூன்று தடவையும் ராங் நம்பர் ஆனார். மெமோ வந்தது. அதையும் டின்னில் போட்டுப் பூட்டினார்.

கடிதம் போட்டால் வேறு யாராவது பிரித்துப் படிப்பார்கள் என்று சொந்தக்காரர் எழுதுவது மாதிரி எழுதுவார். வாய்க்கால் தகராறுக்காக வந்த ஒருவருக்கு, "வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பெண் பார்க்க வரவும்" என்று எழுதிவிட்டார். அந்த ஆள் வீட்டில் இல்லை. கடிதத்தை அம்மாக்காரி பிரித்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை எட்டு பேர் வேனில் வந்து இறங்கினார்கள். பூ, பழம், வெற்றிலைத் தட்டு.

"பொண்ணு எங்க?" என்று கேட்டாள் அந்தம்மா.

வக்கீலம்மா அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து வந்தார். அந்தம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஒசரம் பத்தாது. ஆனா லட்சணமாத்தான் இருக்கு."

சிரிக்கிற கதை அவ்வளவுதான்.

பெண்ணாடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவரைக்காய் என்று பேர் வைத்தார். புருஷன் கரும்பு லாரியில் லோடு ஏற்றுகிறவன். சோறு குழைந்துவிட்டது என்று கொதிக்கிற கஞ்சியை அவள் கையில் ஊற்றியிருந்தான். விரல் ரெண்டு ஒட்டிக்கொண்டு விட்டன. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த, கிள்ளை என்கிற கடலோர ஊர்க்காரி ஒருத்தி, "எங்கூட்டுக்கு வந்துடு" என்று கூட்டிப் போயிருந்தாள்.

"அவுருக்கு எடம் தெரிஞ்சா அடுத்தது கையில்ல சார். கழுத்துதான்" என்றாள்.

"மூணு பேருக்கு மேல தெரியாது. நீ, நானு, வக்கீலம்மா" என்றார் பூட்டு சார். பிறகு என்னைப் பார்த்தார். நான் டீயை வைத்துவிட்டு வெளியே போனேன்.

எழுதிக் கழித்த தாள்களைச் சும்மா போட விடமாட்டார். கிழித்து, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, சாயங்காலம் நான் மாவு மாதிரி பிசைய வேண்டும். ஒரு எழுத்து தெரிந்தாலும், "இன்னொருவாட்டி பிசை" என்பார். எதற்கு என்று சொல்ல மாட்டார். கிறுக்கு என்று நினைத்துக்கொண்டு பிசைவேன்.

மையம் திறந்த மறு வருஷம் ஊரெல்லாம் சிக்குன்குனியா. பூட்டு சாரும் ஒரு வாரம் படுத்துவிட்டார். வக்கீலம்மா எழுதிக் கழித்த தாள் மேஜையில் குவிந்தது. ஒரு பக்கம் எழுதாத நல்ல தாள். நனைக்க மனசு வரவில்லை. சுருட்டிக் கொண்டுபோய்க் கீழே பஜ்ஜிக் கடைக்காரம்மாவிடம் கொடுத்தேன். வாழைக்காய் பஜ்ஜி கொடுத்தாள். தின்றேன். நன்றாக இருந்தது.

அடுத்த வாரம் பூட்டு சார் வந்தார். முட்டி மடங்கவில்லை. நண்டு மாதிரி பக்கவாட்டில் படி ஏறினார். பாவமாக இருந்தது. பஜ்ஜி வாங்கி வைத்தேன். ஒன்று தின்றார். தாளைப் பிரித்தார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிட்டது.

தாளில் அவரைக்காயின் சொந்தப் பேர். கிள்ளை. தெரு.

"ஏம்மா, இது கடைக்கு எப்படிப் போச்சு?"

சொன்னேன். அவர் திட்டவில்லை.

"வக்கீலம்மா எப்பவும் ரெண்டு தாள்ல எழுதிப் பாப்பாங்க. ஒண்ணு இது. இன்னொண்ணு?"

ஜன்னல் வழியாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். பஜ்ஜிக் கடை பெஞ்சில் அவரைக்காயின் புருஷன் உட்கார்ந்திருந்தான். வக்கீலம்மா அனுப்பிய நோட்டீஸோடு மாடிக்கு வந்து என்னிடம் அவளைக் கேட்டுவிட்டு, அவள் வருவாளா என்று நாலு நாளாக அங்கேயே காத்துக்கிடந்தான்; சாரிடம் சொன்னேன். கையில் பஜ்ஜிப் பொட்டலம்.

பூட்டு சார் படி இறங்கினார். முதலில் கடையில் தொங்கிய தாள் கட்டைப் பிடுங்கினார்.

"தாளெல்லாம் எடுத்துட்டா நான் எதுல மடிச்சிக் குடுக்கறது? உன் சட்டையிலயா?" என்றாள் கடைக்காரம்மா.

கட்டுக்குள் அந்தத் தாள் இல்லை. பெஞ்சில் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மச்சான், ஒரு பஜ்ஜி குடுங்க. பசிக்குது."

"யார்ரா மச்சான்? எந்திரிடா."

பொட்டலத்தைப் பிடுங்கித் தாளோடு வாயில் திணித்துக்கொண்டார். அவன் அறைந்தான். மறுபடி அறைந்தான். பல் ஒன்று விழுந்தது. அவர் மெல்லுவதை நிறுத்தவில்லை. ரத்தமும் எண்ணெயும் சட்டையில் ஒழுகின. முழுங்கினார்.

"பைத்தியம்" என்று காறித் துப்பிவிட்டு அவன் போய்விட்டான்.

"அந்தத் தாள்ல என்னா இருந்துச்சு சார்?" என்று கேட்டேன்.

"படிக்கல. உப்பு ஜாஸ்தி."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வக்கீலம்மா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னார்.

"அதான் முழுங்கிட்டீங்களே, விடுங்க. அந்தப் பொண்ணுகிட்ட சொன்னா பயந்துடும். டிரஸ்டுக்கும் அசிங்கம்" என்றார் வக்கீலம்மா.

"அவ உசுரும்மா. பயப்படட்டும்" என்றார் பூட்டு சார்.

என்னையும் கூட்டிக்கொண்டு கிள்ளைக்குப் பஸ் ஏறினார். லேடிஸ் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தார். கண்டக்டர் கத்தினார். "இவுருக்குக் காலு மடங்காது. நீ மடக்கிக் காட்டு" என்றேன். போய்விட்டார்.

அவரைக்காய் வாசலில் ஒற்றைக் கையால் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் அட்ரஸ் வெளில போயிடுச்சும்மா. அவன் கைக்குப் போச்சா இல்லியான்னு தெரியாது. தப்பு என்னுது" என்றார்.

"உங்கள நம்பித்தானே சார் சொன்னேன்."

"ஆமா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் இறாலைப் பார்த்தேன். அன்றைக்கே அவளை வேறு ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டார். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். எந்த பஸ் என்று எனக்கு இன்றும் தெரியாது.

ரெண்டு நாள் கழித்து அவன் கிள்ளைக்குப் போனான். அந்தத் தாள் முந்தின பஜ்ஜியோடு வந்து அவன் சட்டைப் பையிலேயே கிடந்திருக்கிறது; பிறகுதான் படித்திருக்கிறான். பூட்டு சார் தின்றது வேறு எதுவோ. கதவை உடைத்தான். அவரைக்காய் இல்லை என்றதும், இடம் கொடுத்த கிள்ளைக்காரியின் மண்டையை உடைத்தான். பிழைத்தாள். ஆனால் ஒரு காது கேட்காமல் போய்விட்டது. அவனைப் போலீஸ் பிடித்தது.

கடலூரிலிருந்து அதிகாரி வந்தார். தாளை யார் கொடுத்தது என்று கேட்டார். "நான்" என்றார் பூட்டு சார். அந்த வாரம் முழுக்க அவர் லீவு என்று ரிஜிஸ்டரில் இருந்தது. அதிகாரி அதைப் புரட்டவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. அவரை நிறுத்திவிட்டார்கள்.

கடைசி நாள் சாவியை மேஜையில் வைத்தார். அப்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"நான்தானே சார் குடுத்தேன். போயி சொல்லிடறேன்."

"தாள நனைன்னு சொன்னேன். ஏன்னு ஒருநாளும் சொல்லல. அது என் தப்புதான். நீ வேலயப் பாரு."

படியில் இறங்க முடியாமல் நின்றார். என் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு படியாக இறங்கினோம். கீழே வந்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

இன்னும் நாலு படி இருந்திருக்கலாம்.