‘ஊத்தி மூடியாச்சு’ என்ற சொற்றொடர் குறித்துச் சம்பந்திக்கு விளக்கம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமென நம்புகிறேன். இங்கு நானும், என் மனைவியும், காரும் நலம். மூன்றாவதாகச் சொன்னதைத் தாங்கள் தயவுசெய்து இன்னொரு முறை நிறுத்தி வாசிக்க வேண்டும். இக்கடிதத்தின் நோக்கமே அதுதான். நான்கு முறை அழைத்தும் தாங்கள் தொலைபேசியை எடுக்காததால், இதை எழுதி, எனக்கு மகளும் தங்களுக்கு மருமகளும் ஆனவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

சென்ற மாதம் இங்கு வந்தபோது, தாங்கள் என் காரின் முன் நின்று, தலையைச் சாய்த்து, அதன் சத்தத்தைச் சிறிது நேரம் கேட்டீர்கள். பிறகு பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து, “சம்பந்தி, இதை ஆயிலோட சேர்த்து ஊத்துங்க. இன்ஜின் இருக்கற இடமே தெரியாது” என்றீர்கள். பேருந்துப் பணிமனையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இன்ஜின்களோடு வாழ்ந்தவர் தாங்கள். நான் அலுவலகச் சுற்றறிக்கைகளில் காற்புள்ளி திருத்துகிறவன். தங்கள் சொல்லை ஐயுறும் தகுதி எனக்கில்லை. ஆயினும் என் வழக்கப்படி முதலில் புட்டியை வாசித்தேன். ‘ஊற்றும் முன் வாகனக் கையேட்டைப் பார்க்கவும்’ என்றது. கையேட்டின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், ‘பரிந்துரைக்கப்படாத எதையும் எண்ணெயுடன் சேர்க்கலாகாது, ஐயமிருப்பின் சேவை நிலையத்தை அணுகவும்’ என்றது. சேவை நிலையத்தின் முகப்பிலிருந்த பெண் மிகுந்த பணிவோடு, “புட்டியில என்ன போட்டிருக்குன்னு பாருங்க சார்” என்றார். பார்த்தேன், கையேட்டைப் பார்க்கச் சொன்னது. இவ்வாறு இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகு எங்கள் தெரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டுமே தெரிந்தன. கால்களிடம் கேட்டேன்.

“சார், இப்ப வர்ற ஆயில்லயே சேர்க்க வேண்டியதெல்லாம் கலந்துதான் வருது. உப்பு போட்டு எறக்கின சமையல்ல, ருசி பாக்காம இன்னொருத்தர் வந்து ஒரு கை உப்பு போட்டா எப்படி இருக்கும்?”

“அப்ப ஊத்தக் கூடாதா?”

“கூடாதுன்னு சொல்லல.”

“ஊத்தலாமா?”

“அப்படியும் சொல்லல. உங்க வண்டி ஆயில் குடிக்குதா? புகை விடுதா?”

“இல்லை.”

“அப்புறம் நல்லா இருக்கறவனை ஏன் சார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு அலையறீங்க? நேரத்துக்கு ஆயில் மாத்துங்க, போதும். போறப்ப அந்த ஸ்பேனரை எடுத்துக் குடுத்துட்டுப் போங்க.”

எடுத்துக் கொடுத்தேன். இதற்கு மேல் அளவுச் சிக்கல் வேறு. புட்டி நான்கு லிட்டர் எண்ணெய்க்கானது. என் இன்ஜின் கொள்வது மூன்றரை லிட்டர். எட்டில் ஏழு பங்குதான் ஊற்ற வேண்டும். ஆனால் ‘திறந்த புட்டியில் மிச்சம் வைக்கலாகாது’ என்று அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆகவே முத்திரை உடைக்காமல், தங்கள் மகனின் திருமணப் புகைப்படத்துக்கு அருகே, கண்ணாடி அலமாரியில் உரிய மரியாதையோடு அதை வைத்துவிட்டு, தங்கள் மனம் நோகாமல் மறுப்பது எப்படி என்று கடிதம் எழுதத் தொடங்கினேன். மூன்றாம் வரைவில் இருந்தபோது என் மனைவி வந்தாள்.

“ஒரு புட்டி எண்ணெய்க்கு ஏங்க இவ்வளவு பாடு? ஊத்திட்டேன்னு சொல்லிடுங்க.”

“பொய் சொல்ல மாட்டேன்.”

“அப்ப ஊத்திடுங்க.”

“கையேட்டை மீற மாட்டேன்.”

“அப்ப வாயை மூடிக்கிட்டு இருங்க. நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை தங்கள் துணைவியார் தொலைபேசியில் பல விஷயங்களுக்கிடையே, “கார் என்னாச்சு?” என்று விசாரித்திருக்கிறார். அது புட்டியைப் பற்றிய கேள்வி என்று எண்ணிய என் மனைவி, “அதுவா சம்பந்தி, அன்னைக்கே ஊத்தி மூடியாச்சு!” என்று உற்சாகமாகச் சொன்னாள். நான் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தேன். அவள் சொன்னது, புட்டியைக் கவிழ்த்து ஊற்றி மூடியைத் திருகியாயிற்று என்ற பொருளில். தங்கள் வீட்டில் கேட்டதோ, கடை ஊற்றி மூடியது, கம்பெனி ஊற்றி மூடியது என்பார்களே, அந்தப் பொருளில். நமது மொழி இரண்டையும் ஒரே புட்டியில் அடைத்து வைத்திருப்பதற்கு நான் பொறுப்பல்ல.

புதன் காலை எட்டே காலுக்கு எங்கள் வாசலில் ஓர் இழுவை வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, கைகளைக் கட்டிக்கொண்டு, துக்கம் விசாரிக்கும் குரலில், “பெரியவர் அனுப்பினார் சார். போன வண்டி எது?” என்றார்.

“எங்க போன வண்டி?”

“அதான் சார்... போயிடுச்சே, அது.”

“போகலையே. இதோ நிக்குதே.”

“நிக்குதுன்னுதான் சார் இழுக்க வந்திருக்கேன்.”

நான் இன்ஜினைக் கிளப்பி, தெருமுனை வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்து காட்டினேன். அவர் முகத்தில் தெரிந்தது மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. எதிர்வீட்டுக்காரரின் காரை ஏக்கத்தோடு சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனார். அவர் போன அரை மணியில் மகள் அழைத்தாள். “அப்பா, மாமா நேத்துலேர்ந்து சரியா சாப்பிடல. ‘இத்தனை வருஷம் இன்ஜினுக்கு உயிர் குடுத்த கை, சம்பந்தி வண்டியைக் கொன்னுடுச்சே’ன்னு மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. ஞாயித்துக்கிழமை நாங்க வீடு மாத்தறப்பகூட வரமாட்டாராம். உங்க மூஞ்சியில எப்படி முழிக்கறதுன்னு கேக்கறாரு” என்றாள். சம்பந்தி, அதைக் கேட்டு எனக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

எனவே அதிகாரபூர்வமாகத் தெரிவிக்கிறேன். எதுவும் ஊற்றப்படவில்லை, எதுவும் மூடப்படவுமில்லை. தங்கள் கை எந்த இன்ஜினையும் கொல்லவில்லை. சொல்லப்போனால், சில வாரங்களாக அது என்றுமில்லாத அமைதியோடு ஓடுகிறது. கையேட்டை மீறாமல் இருந்ததன் பலன் என்றே கருதுகிறேன். என் மனைவி உரைத்த பொய்க்கு அவள் சார்பில் நான் மன்னிப்புக் கோருகிறேன். அவளோ, “நான் சொன்னதுல ஒரு தப்பும் இல்ல” என்று இன்னும் சாதிக்கிறாள். குழந்தைகள் புது வீட்டுக்குள் நுழையும்போது ஒரு பக்கம் நானும் மறுபக்கம் தாங்களும் அவர்களுடைய கட்டிலைத் தூக்கிக்கொண்டு நுழைய வேண்டும். தாங்கள் வராவிட்டால் நான் ஒருவனே தூக்க வேண்டிவரும் என்பதையும் கருணையோடு கருதவும்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். தங்கள் மகனுக்கும் என் மகளுக்கும் எங்கள் ஆசிகள். அவர்கள் வீட்டில் எல்லாம் தேய்மானமின்றி ஓடுக.

என்றும் பணிவன்புடன்,
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையில் இடுமுன், கருத்துப்பிழை பார்க்க இக்கடிதத்தை என் மனைவியிடம் கொடுத்தேன். ‘பொய்’ என்ற இடத்தில் நிறுத்தி, “யாருங்க பொய் சொன்னது? நெசமாவே ஊத்தினேன்” என்றாள். தாங்கள் புறப்படுமுன் சமையலறைக்குள் வந்து, “சம்பந்தி படிச்சுக்கிட்டே இருப்பாரு, நீங்க ஊத்திடுங்கம்மா” என்று இரண்டாவது புட்டி ஒன்றை அவளிடம் கொடுத்தீர்களாமே? மறுநாளே ஊற்றிவிட்டாளாம். எட்டில் ஏழு பங்குதானா என்று கேட்டேன். “கண்ணளவுதான். மிச்சத்தைத் தையல் மெஷினுக்கு விட்டேன். அதுவும் சத்தமில்லாம ஓடுது” என்றாள். ஆகவே மேலே நான் அதிகாரபூர்வமாகத் தெரிவித்த அனைத்தும் இதன்மூலம் ரத்து செய்யப்படுகின்றன. தாங்கள் தொலைபேசியை எடுக்காததன் முழுக் காரணமும் இப்போது விளங்குகிறது. எனக்குக் கோபமில்லை. ஞாயிறன்று அவசியம் வாருங்கள். ஆனால் வெறுங்கையோடு வாருங்கள்.